தலையணை ஓரத்து ரேந்தை

போன மாசம் எங்கள் வீட்டில் ஒரு தலையணை உறை முடிந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் கோடை விடுமுறையில் ஆரம்பித்து, பரீட்சைக்கு நடுவில் மூலையில் போட்டு, மறுபடி எடுத்து ஒரு வழியாக முடித்த கிராஸ் ஸ்டிச் மயில். (மயூர் விஹாரில் உட்கார்ந்துகொண்டு வேறு எதைத் தைப்பதாம்?) அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணி. பத்து அங்குலச் சதுரம் என்றால் 140-ஐ 140-ஆல் பெருக்கி 19,600 கட்டம். எல்லாக் கட்டமும் நிரப்பவில்லை என்றாலும், பாதிக்கு மேல் ஊசி ஏறி இறங்கியிருக்கும். பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுபவளுக்கு எதைப் பார்த்தாலும் பெருக்கத்தான் தோன்றும், மன்னிக்கவும் :-)

மயில் முடிந்ததும்தான் பிரச்சினை தொடங்கியது. உறையாகத் தைத்துப் பஞ்சு அடைத்துப் பார்த்தால் மொட்டையாக இருந்தது. ஓரத்துக்கு ஏதாவது வேண்டும். லேஸோ, முறுக்குக் கயிறோ, நாலு மூலைக்கும் குஞ்சமோ. சனிக்கிழமை மெட்ரோ பிடித்துச் சாந்தினி சௌக் போனோம். தரீபா கலானுக்குள் நுழைந்து திரும்பினால் கினாரி பஜார். கினாரி என்றாலே ஓரம், கரை என்றுதான் அர்த்தம். ஒரு தெரு முழுக்க ஓரங்களை மட்டுமே விற்கிறார்கள் என்பது முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜரிகைப் பட்டி, கோட்டா, மணி வைத்த நாடா, கல்யாண மாலை, குஞ்சம், சலங்கை என்று கடைக்குக் கடை தொங்கும். ஒரு காலத்தில் கோட்டா நிஜமான வெள்ளி, தங்கக் கம்பியில் நெய்தது. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் மினுமினுப்பு.

கடைக்காரர் இரண்டு வெள்ளை லேஸ் சுருள்களை எடுத்துப் போட்டார். ஒன்று மீட்டர் இருபது ரூபாய், இன்னொன்று அறுபது. எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஏன் இந்த விலை வித்தியாசம் என்று மகள் கேட்க, அவர் அறுபது ரூபாய்ச் சுருளைத் தட்டிச் சொன்னார்: "யே நர்ஸாபூர் கா மால் ஹை, பஹன்ஜி. ஹாத் கா காம்."

நரசாபூர் என்ற பேரைக் கேட்டதும் எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த ஊர்ப் பக்கத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த ஓரத்துச் சமாச்சாரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

*

முதலில் கிராஸ் ஸ்டிச். குறுக்குத் தையல் நமக்குப் புதிதல்ல. கர்நாடகத்தில் தார்வாட் பக்கத்துக் கசூதி வேலையில் இதற்கு 'மெந்தெ' என்று பெயர். கன்னடத்தில் மெந்தெ என்றால் வெந்தயம். ஆனால் கட்டம் போட்ட காகிதத்தில் வண்ணம் தீட்டிய படம், அதைப் பார்த்து எண்ணி எண்ணித் தைப்பது, அதைத் தலையணையாக்கி ஓரம் கட்டுவது என்ற இன்றைய பாணி ஜெர்மனியில் இருந்து வந்தது. 1804-ல் பெர்லினில் பிலிப்சன் என்ற பதிப்பாளர் கட்டம் போட்ட வண்ணப் படங்களை வெளியிட்டார்.  இனி எண்ணத் தெரிந்தால் போதும் என்றானது. 1831 வாக்கில் லண்டன் ரீஜெண்ட் தெருவில் வில்க்ஸ் என்பவர் அந்தப் படங்களையும் கம்பளி நூலையும் மொத்தமாக இறக்குமதி செய்ய ஆரம்பித்தார். பெர்லின் கம்பளி வேலை என்ற மோகம் இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டது. நாற்காலி மெத்தை, காலணி, தலையணை எல்லாவற்றிலும் ரோஜாப்பூவும் கிளியும் நாய்க்குட்டியும்தான்.

தலையணை என்று வந்துவிட்டால் தையல் வெட்டும் இடத்தை மறைத்தாக வேண்டும். முறுக்குக் கயிறு, குஞ்சம், விளிம்பு நாடா வேலைக்கெல்லாம் பிரான்சில் பல நூற்றாண்டுகளாகத் தனித் தொழில் சங்கமே இருந்தது. 1886-ல் தெரேஸ் த தில்மோன் எழுதிய தையற்கலைக் கலைக்களஞ்சியத்தில் குறுக்குத் தையலும் இருக்கும், குஞ்சம் கட்டும் முறையும் இருக்கும், லேஸ் பின்னும் முறையும் இருக்கும். இன்று நாம் வாங்கும் டி.எம்.சி. நூலோடு சேர்ந்து வளர்ந்த புத்தகம் அது. நடுவில் இருக்கிற படத்தை வீட்டு எஜமானி தைப்பாள். ஓரத்தைக் காசு கொடுத்து வாங்குவாள். அந்த வழக்கம்தான் என்னையும் கினாரி பஜாருக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அப்படியானால் அந்த ஓரத்தைச் செய்தது யார்?

*

எங்கள் ஊர் நாகர்கோவில். எங்கள் பக்கம் வயதானவர்கள் லேஸ் என்று சொல்ல மாட்டார்கள், ரேந்தை என்பார்கள். போர்த்துக்கீசியத்தில் 'ரெண்டா' என்றால் லேஸ். சாவி, சன்னல், மேசை, அலமாரி எல்லாம் எந்தக் கப்பலில் வந்ததோ அதே கப்பலில் வந்த வார்த்தை. யாழ்ப்பாணத் தமிழர்களும் ரேந்தை என்றுதான் சொல்வார்கள்.

வார்த்தை போர்த்துக்கீசியர் தந்தது. தொழில் எங்கள் ஊரில் வேர்பிடித்தது லண்டன் மிஷன் காலத்தில். 1819-ல் சார்லஸ் மால்ட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவில் வந்தார்கள். மார்த்தா அம்மையார் நடத்திய பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் எழுத்து, வாசிப்போடு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளியை நடத்தக் காசு வேண்டும், படித்து முடித்த பெண்களுக்குப் பிழைப்பும் வேண்டும். இரண்டுக்கும் ரேந்தைதான் வழி. அவர்களுடைய மகள் எலிசா, 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடிக்குப் போனார். (ஆமாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்.) ரேந்தையும் கூடவே இடையன்குடிக்குப் போனது. கத்தோலிக்கர் பக்கம் 1897-ல் பெல்ஜியத்தில் இருந்து மாரி லூயிஸ் த மெஸ்டர் என்ற அம்மா முளகுமூட்டுக்கு வந்து, அங்கிருந்த அனாதைப் பெண்களுக்குப் பின்னல் வேலையும் தையல் வேலையும் கற்றுக்கொடுத்தார்.

இதில் என்னை எப்போதும் தைக்கும் விஷயம் ஒன்று உண்டு. அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். அதற்கு முன்பே ரேந்தை விற்ற கூலியைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. அதே காலத்தில் அதே ஊரில்தான் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. 1859 ஜூலையில் வந்த ராஜ பிரகடனம்தான் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுக்கும் மாதிரி உடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துப் பட்டிக்கும் மணிக்கட்டுக்கும் ஓரம் பின்னிக் கொடுத்த கைகளுக்கு, தங்கள் தோளில் ஒரு முழத் துணி போட்டுக்கொள்ள நாற்பது வருஷம் அடிபட வேண்டியிருந்தது.

எங்கள் பாட்டி (அம்மாவின் அம்மா) ரேந்தை பின்னுவதை நான் பார்த்திருக்கிறேன். மடியில் உருண்டையாக, வைக்கோல் திணித்து இறுக்கிக் கட்டிய ஒரு தலையணை. அதன் மேல் துளைபோட்ட அட்டை, அட்டையில் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றித் தொங்கும் சின்னச் சின்ன மரக்கட்டைகள். கட்டைகள் கை மாறிக் கை மாறிப் போகும்போது டக் டக் என்று சத்தம் கேட்கும். "தொடப்பிடாது மக்களே, நூலு அழுக்காயிரும்" என்பார். நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு முழம் வரும். தலையணையில் வைத்துப் பின்னுவதால் இங்கிலீஷ்காரர்களும் இதைத் தலையணை லேஸ் என்றே சொல்வார்கள். தலையணையில் பிறந்து தலையணை ஓரத்துக்கே போய்ச் சேரும் பொருள்!

அம்மாவின் பள்ளிக்கூடப் பீஸ் அந்த ரேந்தையில் இருந்துதான் போனது. அம்மாவே பல தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் பாட்டியிடம் யாராவது "நீங்க என்ன சோலி பாக்கிய?" என்று கேட்டால், "நான் வீட்டுல சும்மாத்தான் இருக்கேன்" என்பதுதான் பதில்.

*

இனி நரசாபூர். ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டம். கோதாவரியின் ஒரு கிளை கடலில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர். துணிக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. பக்கத்தில் இருக்கும் மாதவபாளையத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. அங்கிருந்து ஏற்றுமதியான மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணிக்கு 'மடபோலம்' என்றே உலகம் பூராவும் பெயர் ஆனது. தையல் துணிக்கடைகளில் இன்றைக்கும் அந்தப் பெயர் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கேயும் மிஷனரிகள் வந்தார்கள், இங்கேயும் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே நிலைத்தது குரோஷா, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னுவது. அயர்லாந்தில் 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு நிவாரணத் தொழிலாகப் பரப்பப்பட்டதும் இதே குரோஷாதான். கொக்கி ஊசியும் ஒரு நூல்கண்டும் போதும். தறி வேண்டாம், கொட்டகை வேண்டாம், முதல் வேண்டாம். தர்மமாக ஆரம்பிக்கிற எல்லாத் தொழிலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் வேண்டாம் என்று சொல்லித் தருகிற தொழிலில் கூலியும் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது.

இதற்கு இடையில் ஐரோப்பாவில் இயந்திரம் வந்துவிட்டது. ஜான் ஹீத்கோட் என்பவர் 1808, 1809 ஆண்டுகளில் வலைத் துணி செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1816-ல் லவ்பரோவில் அவருடைய தொழிற்சாலையைத் தொழிலாளர்கள் உடைத்தார்கள். 1863-ல் சுவிட்சர்லாந்தில் ஐசக் கிரோப்லி ஷிஃப்லி என்ற எம்பிராய்டரி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் ஒரு தந்திரம் வந்தது: கரையக்கூடிய துணியின் மேல் இயந்திரத்தால் எம்பிராய்டரி போடுவது, பிறகு அந்தத் துணியைக் கரைத்துவிடுவது. மிச்சம் நிற்பது லேஸ் மாதிரியே இருக்கும். கடைக்காரர் காட்டிய இருபது ரூபாய்ச் சுருள் இந்த ஜாதிதான். ஆனால் நிஜமான குரோஷாவை இன்று வரைக்கும் இயந்திரத்தால் பின்ன முடியவில்லை. சாயலைத்தான் செய்ய முடிகிறது. அதனால்தான் நரசாபூர் பிழைத்துக் கிடக்கிறது. அதே காரணத்தால்தான் அங்கே கூலியும் ஏறவில்லை. கையால் மட்டுமே ஆகக்கூடிய வேலை, ஆனால் இயந்திரச் சரக்கோடு விலைப்போட்டி. அந்த வித்தியாசத்தை யாராவது தாங்கித்தானே ஆக வேண்டும்?

அதைத் தாங்கியது யார் என்று கணக்குப் போட்டு எழுதியவர் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் (1931-2023). 1970-களின் கடைசியில் நரசாபூர் வந்து, வீடு வீடாகப் போய் ஆராய்ந்து, 1982-ல் 'நரசாபூரின் லேஸ் பெண்கள்' பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். அந்த வட்டாரத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் இந்த வேலையில் இருந்தார்கள். சரக்கு ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறியது. பின்னும் பெண்ணுக்கு நாள் முழுக்க வேலை செய்தால் கிடைத்தது ஒரு ரூபாய்க்கும் கீழே. ஏன் இவ்வளவு குறைவு? அவர்கள் தொழிலாளர்கள் என்று யாரும் நினைக்கவில்லை, அவர்களே நினைக்கவில்லை என்கிறார் மீஸ். வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்பதுதான் வியாபாரி முதல் சர்க்கார் வரை எல்லோருடைய எண்ணமும். வயலில் இறங்கிக் கூலி வேலை செய்யாமல் வீட்டுக்குள் இருப்பதைக் கௌரவமாக நினைத்த சாதிகளில் இந்த எண்ணம் இன்னும் வசதியாகப் போயிற்று. பெண்களின் உழைப்பை "இல்லத்தரசியின் பொழுதுபோக்கு" என்று மாற்றிக் கணக்கில் இருந்தே விலக்கும் இந்த முறைக்கு அவர் ஒரு பெயரே வைத்தார். தமிழில் 'இல்லத்தரசியாக்கல்' என்று சொல்லலாம்.

அந்த வேலையிலும் உள்பிரிவுகள் உண்டு. ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், ஒருத்தி இலை. இன்னொருத்தி அவற்றை எல்லாம் சேர்த்து இணைப்பாள். தெலுங்கில் 'அதுகு' என்றால் ஒட்டு, இணைப்பு. இணைக்கிற வேலைக்கு 'அதுகு பனி' என்று பெயர். நூறு பேர் கையில் இருந்து வந்த துண்டுகளை, ஒட்டுத் தெரியாமல் ஒரே பொருளாக்குவது அதுகு பனி செய்கிறவள்தான். வேலை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது கண்ணுக்குத் தெரியாது.

*

இப்போது என் கதை. நான் அந்தப் பக்கத்துக் கிளை ஒன்றில் கடன் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். சொந்தமாக மொத்த விலைக்கு நூல் வாங்க முப்பதாயிரம் ரூபாய் கடன் வேண்டும் என்றார். ஏஜெண்ட் நூலை எடை போட்டுக் கொடுத்து, பின்னிய சரக்கை எடை போட்டு எடுத்துக்கொள்வார். அதில் கைக்கு ஒன்றும் நிற்பதில்லை, நூல் நம்முடையது என்றால் விலை நாம் சொல்லலாம் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்கு. எந்த வங்கி அதிகாரிக்கும் புரிந்திருக்க வேண்டிய கணக்கு.

விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்தேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ஏம் பனி லேது மேடம், இண்ட்லோனே உண்டானு" என்றார். ஒரு வேலையும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன். நான் இல்லத்தரசி என்று அடித்தேன். வருமானம் என்ற கட்டத்தில் சைபர். வீட்டை நேரில் பார்த்துவிட்டு வர வேண்டும், போனேன். திண்ணையில் அவரும் மருமகளும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளைத் துணியில் குவித்து வைத்த லேஸ் பூக்கள். நான் போன நேரத்தில் அந்த அம்மா செய்துகொண்டிருந்தது அதுகு பனி. தலையணை உறை ஒன்றின் நாலு ஓரத்திலும் ஒரு சாண் அகல லேஸைச் சேர்த்துக்கொண்டிருந்தார். மூலையில் திரும்பும் இடத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்கு டீ கொடுத்தார்கள், குடித்தேன். அறிக்கையில் வீட்டில் இருக்கும் பொருட்கள் என்ற இடத்தில் டி.வி., மின்விசிறி, கட்டில் என்று எழுதினேன். தொழிலுக்கான ஆதாரம்: இல்லை.

வருமானம் சைபர் என்றால் கடனும் சைபர்தான். புருஷன் வந்து தன் பெயரில் விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். புருஷன் வரவே இல்லை, அந்த அம்மாவும் அதற்கப்புறம் வரவில்லை.

விதியைத்தான் பின்பற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எந்த விதியும் என்னை இல்லத்தரசி என்று எழுதச் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் 'லேஸ் தயாரிப்பு, சுயதொழில்' என்று நான் எழுதியிருந்தால் விண்ணப்பம் வேறு திட்டத்தின் கீழ் போயிருக்கும். எனக்கு லேஸ் என்றால் என்ன என்று தெரியாதா? டக் டக் சத்தத்தில் தூங்கியவள் நான். ரேந்தை போட்ட பீஸில் படித்த அம்மாவின் மகள். தெரிந்துகொண்டேதான் சைபர் போட்டேன். பாட்டி சொன்ன அதே வாக்கியத்தைத் தெலுங்கில் கேட்டபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

மீஸின் புத்தகத்தை நான் படித்தது டெல்லிக்கு மாற்றலாகி வந்த பிறகு. அதிகம் போனால் இருநூறு பக்கம் இருக்கும். படித்து முடிக்க மூன்று மாதம் ஆனது.

*

அதற்கப்புறம் காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தே வேலை செய்பவர்களும் தொழிலாளர்களே என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் ஓர் ஒப்பந்தம் (எண் 177) கொண்டுவந்தது. 2020-ல் நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 'வீட்டில் இருந்து வேலை செய்பவர்' என்ற வரையறை வந்துவிட்டது. 2021-ல் ஆரம்பித்த இ-ஷ்ரம் பதிவேட்டில் அவர்கள் தங்கள் தொழிலைச் சொல்லிப் பதிந்துகொள்ளலாம். 2024-ல் நரசாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். பின்னுகிறவளின் கூலியைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் யாராவது அவளைத் தொழிலாளி என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும்.

*

சரி, தலையணைக்கு வருவோம். அறுபது ரூபாய்ச் சுருளைத்தான் வாங்கினோம். இதே மாதிரி ஓரம் கட்ட நினைப்பவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சில குறிப்புகள்:

எவ்வளவு வாங்குவது: 16 அங்குலத் தலையணைக்குச் சுற்றளவு 64 அங்குலம். மூலைக்கு 2 அங்குலம் வீதம் 8, ஒட்டுக்கு 1. ஆக 73. இரண்டு மீட்டர் (சுமார் 78 அங்குலம்) வாங்கினால் சரியாக இருக்கும். மூலைக்கு உபரி விடாவிட்டால் தலையணை நாலு மூலையிலும் குவிந்து கப்பல் மாதிரி ஆகிவிடும்.

கைவேலையா என்று பார்ப்பது: சுருளின் நுனியில் ஒரு நூலைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். குரோஷா வளையம் வளையமாக அவிழும். இயந்திரச் சரக்கு அவிழாது, பிசிறுதான் வரும். (கடைக்காரரிடம் கேட்டுவிட்டு இழுக்கவும்!)

தைக்கும் முன்: பருத்தி லேஸ் சுருங்கும். வெந்நீரில் நனைத்துக் காயவைத்து, துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி போட்ட பிறகுதான் அளக்க வேண்டும். கிராஸ் ஸ்டிச்சில் சிவப்பு, கருநீல நூல் இருந்தால் சாயம் போகிறதா என்று ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். வெள்ளை லேஸில் ஏறினால் போகாது.

உறை இன்னும் மூடவில்லை என்றால்: முன்பக்கத் துணியின் நல்ல பக்கத்தில், லேஸின் பூவிளிம்பு உள்நோக்கி இருக்கும்படி வைத்து ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் மேல் பின்பக்கத் துணியைக் கவிழ்த்துச் சுற்றிலும் தைத்துத் திருப்பினால் லேஸ் தானாக வெளியே வரும். ஏற்கனவே மூடிவிட்டால் (எங்கள் கதை) கையால்தான். தையல் விளிம்பில் துணியின் ஒரு இழையையும் லேஸின் ஒரு வளையத்தையும் மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டு போக வேண்டும்.

சின்னத் தொங்கட்டான்களுக்கு முறுக்குக் கயிறு நன்றாக இருக்கும். வெட்டும் இடத்தில் முதலில் டேப் சுற்றிவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் முறுக்கு அத்தனையும் அவிழ்ந்துவிடும். அடிப்பக்கம் அரை அங்குலம் தைக்காமல் விட்டு, கயிற்றின் இரண்டு நுனியையும் அதற்குள் திணித்து மூடினால் ஒட்டுத் தெரியாது. பசை போட்டு ஒட்டாதீர்கள், வருஷம் போனால் மஞ்சள் கட்டும்.

மகளும் நானும் ஆளுக்கு இரண்டு பக்கம் என்று பிரித்துக்கொண்டோம். முதல் மூலையை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். நாலாவது தடவையும் ஒரு சின்னச் சுருக்கம் நின்றுவிட்டது. ஒரு தலையணைக்கு ஓரம் கட்ட இரண்டு பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. எங்கள் இரண்டு பேர் கூலியைப் போட்டால் என்ன விலை வரும் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"இந்த லேஸைப் பின்னினவங்க பேரு தெரியுமாம்மா?" என்று கேட்டாள் மகள். தெரியாது என்றேன். எனக்குத் தெரிந்த ஒரு பெயர் உண்டு. அந்த விண்ணப்பத்தில் என் கையால் அடித்த பெயர். மறக்கவில்லை. அந்த ஊருக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஊரிலும் பின்னிய, முடைந்த, பீடி சுற்றிய, அப்பளம் இட்ட, பூக் கட்டிய பாட்டிகள், அத்தைகள், சித்திகள் இருப்பார்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு செய்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், அந்தக் காசு எதற்குப் போனது என்று கேட்டு எழுதி வையுங்கள். "சும்மாத்தான் இருந்தேன்" என்று சொல்வார்கள். அதை மட்டும் எழுதாதீர்கள்.